ஜிம்மிக்கு இடுப்பு வலி

வேப்பம்பட்டில் மாடி வீட்டுக்குக் குடிபோனபோது, கீழ் வீட்டிலிருந்த வீட்டுக்கார அம்மா எங்கள் நாயை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஒரே ஒரு நிபந்தனை போட்டார். படியிலோ மாடியிலோ ஈரம் பட்டால் நாயை வெளியே அனுப்பிவிட வேண்டும். ஜிம்மி அதைக் காதில் வாங்கிக்கொண்டாள் போலிருக்கிறது. அப்பா ரயிலுக்கும் அம்மா கம்பெனி வேனுக்கும் நான் பள்ளிக்கும் கிளம்பிய பிறகு, பூட்டிய வீட்டுக்குள் சாயங்காலம்வரை அடக்கிக்கொண்டே கிடப்பாள். நான் வந்து கதவைத் திறந்ததும் காலி மனைக்கு ஒரே ஓட்டம். அவளைப் போல ஒழுக்கம் எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இல்லை என்று அப்பா தெருவெல்லாம் பீற்றிக்கொள்வார். அப்போதும் பாயை நனைத்துக்கொண்டிருந்த என்னைத்தான் குத்திக் காட்டுகிறார் என்பது எனக்குத் தெரியும்.

ஒரு சனிக்கிழமை காலை ஜிம்மி சமையலறை நடுவில் உட்கார்ந்து முக்கினாள். நாலைந்து சொட்டுதான் வந்தது. அதுவும் சிவப்பாக. நான் போட்ட கூச்சலில் வீட்டுக்கார அம்மா மேலே வந்துவிடுவாரோ என்று அப்பா என் வாயைப் பொத்தினார். ஜிம்மி செத்துவிடுவாள் என்றே நினைத்தேன். ஆட்டோவில் கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போகும்வரை அழுதுகொண்டே இருந்தேன்.

டாக்டரம்மா ஜிம்மியின் வயிற்றை அழுத்திப் பார்த்தார். “பகல்ல எங்க விடுவீங்க?”

“எங்கயும் வுடறதில்ல மேடம். காலைல போச்சுன்னா சாயங்காலம்தான். கம்முனு அடக்கிக்கினு இருக்கும். அவ்ளோ டீசன்ட்டு,” என்றார் அப்பா.

“டீசன்ட்டா? அடக்கி அடக்கித்தான் உள்ள புண்ணாயிருக்கு. நிறைய தண்ணி குடிக்கணும், வந்தா உடனே போயிடணும்.”

அப்பாவின் முகம் தொங்கிப்போயிற்று. ஜிம்மியைப் பிடித்துக்கொண்டு நின்ற அம்மா மெதுவாகக் கேட்டாள்.

“இடுப்பு பிடிச்சிக்கினு வலிக்குமா மேடம்? போறப்போ எரியுமா? குளிர் ஜொரம் வருமா?”

டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தார். “யாருக்கும்மா?”

“நாய்க்குத்தான் மேடம்.”

ஊசி போட்டு மாத்திரையும் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் அம்மா நேராகக் கீழே போய், மத்தியானத்தில் ஜிம்மியைக் கொஞ்சம் வெளியே விடும்படி கெஞ்சிச் சாவியைக் கொடுத்தாள். “இன்னாமா, உன் நாய்க்கு நான் ஆயா வேலை பாக்கணுமா?” என்று சிடுசிடுத்த வீட்டுக்கார அம்மா, ஒரே வாரத்தில் பிஸ்கட் பாக்கெட்டோடு மாடியேறத் தொடங்கினார். ஜிம்மி தேறிவிட்டாள்.

அம்மாவின் கம்பெனியில் மாற்று ஆள் வந்து நின்றால்தான் பாத்ரூமுக்குக்கூட நகர முடியும். அதற்குப் பயந்து, வேன் ஏறியதிலிருந்து அவள் தண்ணீரே குடிக்கமாட்டாள். நானும் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் இதெல்லாம் எனக்கு விளங்கியது. அன்று எனக்கு ஒரே பெருமை. வாயில்லாத ஜீவனுக்கு எங்கே வலிக்கிறது என்றுகூட என் அம்மாவுக்குத் தெரியும், அவளுக்கு நாய் பாஷை வரும் என்று திங்கட்கிழமை வகுப்பு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.