பொரியும் காத்திருந்தது, புட்போல் கிளப்பும் காத்திருந்தது

போன சனிக்கிழமை லண்டன் ஹரோவில் என் பெரியம்மாவின் மகள் வதனிக்குக் கல்யாணம். தாலி ஏறியாயிற்று. கெட்டிமேளம் ஓய்ந்தாயிற்று. ஐயர் நெற்பொரித் தட்டை முன்னால் இழுத்து வைத்துக்கொண்டு கேட்டார்:

"பொம்பிளையின்ரை தமையன் எங்கை?"

தமையனைக் காணவில்லை!

பொரியிடும் சடங்கு உங்களுக்குத் தெரிந்ததுதான். சகோதரன் பொரியை அள்ளிப் பெண்ணின் கையில் போட வேண்டும். அவள் அதை அக்கினியில் இட வேண்டும். வாடகைக்கு எடுத்த பள்ளிக்கூட மண்டபம். ஹோமப் புகை கூரையிலிருந்த அலாரத்தை நோக்கி நிதானமாக ஏறிக்கொண்டிருந்தது. மண்டபத்துக்குப் பொறுப்பான வெள்ளைக்காரர் அதையும் ஐயரையும் மாறி மாறிப் பார்த்தார். எங்கள் சமயத்தைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் இந்தப் புகைக்குச் சீக்கிரம் ஒரு முடிவு வேண்டும் என்பது தெரிந்திருந்தது.

பெரியம்மா என்னைப் பிடித்தார். "எடி பிள்ளை, ஓடிப்போய்ப் பார். உன்ரை அண்ணை எங்கையாவது போனோடைதான் நிப்பான்."

நின்றார். மண்டபத்துக்கு வெளியே, நடைபாதையிலிருந்த காசுப் போனில். பட்டு வேட்டி, தலைப்பாகை, கழுத்தில் மாலை, காதில் ரிசீவர். உலகத்தின் மறுபக்கத்தில் ஒரு கோதுமை ஊரின் புட்போல் கிளப் இருப்பதா, போவதா என்று அந்த நேரத்தில் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. அண்ணைக்கு அதில் பேச்சு!

சிரிக்காதீர்கள். நானும் முதலில் சிரித்தவள்தான்.

கேதீஸ் அண்ணை டொக்டர். இங்கே படித்துவிட்டு, வேறு எந்த டொக்டரும் போக விரும்பாத ஓர் அவுஸ்திரேலிய நாட்டுப்புற ஊருக்குப் போனவர். ஊரை வூரம்பின் என்று வைத்துக்கொள்வோம். போன வருஷம் நான் அங்கே இரண்டு கிழமை நின்றேன். ஒரு தெரு, ஒரு பப், கோதுமை கொட்டி வைக்கும் கொங்கிறீற் கோபுரங்கள். பாங்கை மூடிவிட்டார்கள். ரயில் நிற்பதில்லை. மழை… அதைப் பற்றி அங்கே யாரும் பேசுவதேயில்லை. எல்லாரும் வானத்தை மட்டும் பார்ப்பார்கள்.

மிச்சமிருப்பது புட்போல்.

நீங்கள் நினைக்கிற புட்போல் அல்ல. பந்தும் முட்டை வடிவம், மைதானமும் முட்டை வடிவம். ஒரு பக்கத்துக்குப் பதினெட்டுப் பேர். காலால் உதைக்கலாம், கையால் பிடிக்கலாம், எதிராளியின் முதுகில் ஏறி நின்றும் பிடிக்கலாம். நடுக் கம்பங்களுக்கு ஊடாகப் போனால் ஆறு புள்ளி. பக்கத்தால் தப்பிப் போனால்? அதற்கும் ஒரு புள்ளி!

தவறவிட்டதற்குப் புள்ளி கொடுக்கும் மனிதர்களை நான் அங்கேதான் முதன்முதலாகக் கண்டேன். கணக்குப் பாடத்தில் தொண்ணூற்றெட்டு எடுத்துவிட்டு, "மற்ற ரெண்டும் எங்கை?" என்று விசாரிக்கப்பட்டு வளர்ந்தவள் நான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

சனிக்கிழமை ஊரே மைதானத்தில். கார்களை வேலியைப் பார்த்தபடி சுற்றிவர நிறுத்துவார்கள். கோல் விழுந்தால் எல்லாக் காரும் ஹோர்ன் அடிக்கும். பக்கத்தில் பெண்கள் வளையத்துக்குள் பந்து போடும் நெற்போல். கன்ரீனில் மாவுக்குள் இறைச்சி வைத்துச் சுட்ட சூடான பை, அதன் தலையில் தக்காளி சோஸ். அம்பயர் எங்கிருந்தோ வந்த ஒரு பள்ளிக்கூட வாத்தியார். மாலை வரைக்கும் அவருடைய கண்பார்வை, புத்தி, பிறப்பு எல்லாம் சந்தேகிக்கப்படும். ஆட்டம் முடிந்ததும் ஏசினவர்களே அவருக்குப் பியர் வாங்கிக் கொடுப்பார்கள். லண்டனில் நம்மவர்களும் இதில் முதற்பாதியை மிகத் திறமையாகச் செய்கிறார்கள்.

ஆள் போதாத ஒரு நாள், நாற்பது தாண்டிய, வயிறு வைத்த கேதீஸ் அண்ணையையே இரண்டாவது ரீமில் இறக்கிவிட்டார்கள். உதைத்தார். தவறியது. ஒரு புள்ளி. ஊர் முழுக்க ஹோர்ன்! மனிதர் ஒரு கிழமைக்குத் தரையில் நடக்கவில்லை.

ஆனால் அவர் அந்த மைதானத்தை விட்டு அசையாததற்குக் காரணம் வேறு.

அந்த ஊர் ஆண்கள் டொக்டரிடம் வரமாட்டார்கள். கை முறிந்தால் வருவார்கள். மனம் முறிந்தால் வரமாட்டார்கள். மிக் என்று ஒரு கோதுமை விவசாயி. (பெயர் நான் வைத்தது. அண்ணையைத் தவிர அங்கே தமிழ் வாசிக்கிறவர் இல்லை; இருந்தாலும்.) மனைவி இல்லை. மகன் மெல்பேர்ணுக்குப் போய்விட்டான். வயல் காய்ந்து கிடக்கிறது. அவர் அண்ணையின் கிளினிக் வாசலை மிதித்ததேயில்லை. ஒரு சனிக்கிழமை வேலியில் முழங்கையை ஊன்றி, பந்தைப் பார்த்தபடி சொன்னாராம்: "நித்திரை வருதில்லை, டொக்."

அண்ணையும் பந்தைப் பார்த்தபடியே கேட்டாராம்: "எவ்வளவு காலமா?"

அவ்வளவுதான் கொன்சல்டேஷன். ஆட்டம் முடியும்போது மிக் பொக்கற்றிலிருந்து ஒரு திறப்பை எடுத்து அண்ணையின் கையில் வைத்தார். வீட்டில் நரி சுடுகிற துவக்கைப் பூட்டி வைக்கிற அலமாரியின் சாவி. அப்போதும் பந்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது விளங்குகிறதா, அண்ணை ஏன் போனில் நின்றார் என்று?

வூரம்பினுக்குப் பக்கத்தில் இன்னொரு ஊர். நினைவு தெரிந்த நாள் முதல் எதிரி. இரண்டு ஊரிலும் ஆள் குறைந்துவிட்டது. பதினேழு வயதுக்குக் கீழ் ரீம் இறக்க இரண்டு பேராலும் முடியவில்லை. ஆகவே இரண்டு கிளப்பையும் ஒன்றாக்குவதா என்று வாக்கெடுப்பு. ஒன்றானால் பாதி ஆட்டம் எதிரி ஊரின் மைதானத்தில். "செத்தாலும் அங்கை கால் வைக்கமாட்டன்" என்று மிக் சொல்லிவிட்டார். மிக் வராவிட்டால் வேலி இல்லை. வேலி இல்லாவிட்டால் அண்ணைக்கு அவரைப் பிடிக்க வேறு இடம் இல்லை.

அதனால் அண்ணை, "சேரக் கூடாது" கட்சி. ஊரில் இல்லாதவருக்கு வாக்கில்லை. ஆனாலும் கிளப்பின் உபதலைவர் என்பதால், அங்கே பாரில் இருக்கும் போனை மைக்குக்கு முன்னால் பிடித்து இரண்டு வார்த்தை பேச விடுவதாக ஏற்பாடு. அங்கே சனி மாலை, இங்கே சனி காலை. முகூர்த்தம் பார்த்த ஐயருக்கு ராகுகாலம் தெரியும். மெல்பேர்ண் நேரம் தெரியாது.

இனி எங்கள் பக்கம். அண்ணை யாழ்ப்பாணத்தில் படித்த பள்ளிக்கூடத்துக்கு லண்டனில் பழைய மாணவர் சங்கம் இருக்கிறது. இரண்டு. முன்பு ஒன்றுதான். ஓர் ஆண்டு விருந்தில் குத்துவிளக்குக்கு ஐந்து திரி, மேடையில் பிரமுகர்கள் ஆறு பேர். ஆறாவது ஆள் கையில் மெழுகுதிரியோடு நின்று பார்த்துவிட்டு இறங்கிப் போனார். அடுத்த கிழமை ஃபாரஸ்ட் கேட்டில் புதுச் சங்கம். பழையது நோர்பரியில். இரண்டும் ஒரே பார்க்கில், ஒரே ஞாயிற்றுக்கிழமை, தனித்தனியாக விளையாட்டுப் போட்டி நடத்துகின்றன. புட்போலுக்கு ஆள் போதாது என்பதால் கோல்கீப்பர் மட்டும் இரண்டுக்கும் பொது. அவரும் இரண்டு பக்கத்துக்கும் தெரியாமல் சேர்ட்டை மாற்றிக்கொண்டு ஓடுவார். எல்லாருக்கும் தெரியும்.

இரண்டு தலைவர்களும் கல்யாணத்துக்கு வந்திருந்தார்கள். ஆளுக்கொரு மூலையில். டொக்டரைத் தங்கள் விழாவுக்குப் பிரதம விருந்தினராகப் பிடிக்க வேண்டும் என்று இரண்டு பேருக்கும் ஆசை. அவர் வெளியே போனதைக் கண்டு இரண்டு பேரும் இரண்டு கதவால் வந்துவிட்டார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது போனுக்கு இடப்பக்கம் நோர்பரி, வலப்பக்கம் ஃபாரஸ்ட் கேட்.

"அண்ணை, பொரி!" என்றேன்.

"ஒரு நிமிஷம், பிள்ளை. என்ரை பேர் கூப்பிடப் போயினம்."

"என்ன பிரச்சினை, டொக்டர்?" என்றார் நோர்பரித் தலைவர். அண்ணை சுருக்கமாகச் சொன்னார். தலைவர் அதிர்ந்துபோனார்.

"ஐயோ, சேர்ந்திடாதேங்கோ! சேர்ந்தால் பேர் போச்சு, கொடி போச்சு. பிறகு தலைவர் ஆர்? அவையின்ரை ஆளோ, உங்கடை ஆளோ?"

வலப்பக்கத்திலிருந்து ஃபாரஸ்ட் கேட் தலைவர் தொண்டையைச் செருமினார். "வழமையா இவர் சொல்லுறதை நான் காதிலை போடுறேல்லை. ஆனா இது சரியான கதை. சேரவே கூடாது, டொக்டர். ரெண்டு பேர் விளையாடினாலும் தனிய விளையாடுங்கோ."

"அதைத்தானே நானும் சொல்லுறன்!" என்றார் நோர்பரி.

"ஓம், ஓம், நீங்கள் சொல்லுறது முழுக்க நியாயம்."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். என்ன நடந்தது என்று அவர்களுக்கே விளங்கவில்லை. நோர்பரியின் கை மெல்ல எழுந்து ஃபாரஸ்ட் கேட்டின் தோளில் விழுந்தது. நான் கண்ணால் கண்டேன் ஐயா!

கேதீஸ் அண்ணை ரிசீவரைக் கையால் பொத்தினார். "எடி, இவை ரெண்டு பேரும் கடைசியா எப்ப ஒத்துப்போனவை?"

"சங்கம் உடைஞ்சாப் பிறகு இண்டைக்குத்தான்."

"அப்ப… இவ்வளவு நாளும் நான் இவையின்ரை கட்சியிலையோ நிண்டனான்?"

அவருடைய முகத்தைப் பார்க்க வேண்டுமே! எக்ஸ்ரேயைத் தலைகீழாகப் பிடித்திருந்ததை இப்போதுதான் கண்டுபிடித்த டொக்டரின் முகம்.

போனில் அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். அவர் பேசியது இங்கிலீஷ். அவுஸ்திரேலிய இங்கிலீஷுக்கு யாழ்ப்பாண வேட்டி கட்டிவிட்ட மாதிரி ஓர் இங்கிலீஷ். தமிழில் இப்படி வரும்:

"நான் எதிர்த்துக் கதைக்கத்தான் போன் எடுத்தனான். இப்ப மனம் மாறிப்போச்சு. சேருவம். எங்களிட்டை அரை ரீம் பெடியள், அவையிட்டை அரை ரீம் பெடியள். நாங்கள் பெரிய ஆக்கள் மானத்தைப் பிடிச்சுக்கொண்டு நிண்டால் பெடியள் எங்கை விளையாடுறது? அவங்களும் மெல்பேர்ணுக்குப் போயிடுவாங்கள். பிறகு வேலிக்கு இஞ்சாலை நிக்க எங்களுக்கு ஒரு காரணமும் இராது. மிக், நீ அங்கை நிக்கிறாயெண்டு தெரியும்…"

"கேதீஸ்!" பெரியம்மா கதவில் நின்றார். அந்தக் குரலுக்கு மேல் எந்த ஜனநாயகமும் இல்லை.

அண்ணை ரிசீவரை என் கையில் திணித்துவிட்டு, வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினார். தலைவர்கள் இருவரும், "டொக்டர் அவசரப்பட்டிட்டார்" என்று மறுபடியும் ஒருமனதாக வருந்தினார்கள்.

என் காதில் வூரம்பின். யாரோ கதிரையை இழுத்தார்கள். பிறகு ஒரு கரகரத்த குரல் போனுக்குக் கிட்ட வந்தது.

"டொக்டர் எங்கே?"

"தங்கச்சியின் கையில் பொரி போடப் போய்விட்டார்."

"ஏன்?"

"அதை அவர்தான் செய்ய வேண்டும். வேறு ஆள் செய்ய ஏலாது."

"நியாயம்தான்," என்றது மறுமுனை. அதுதான் மிக் என்று பிறகுதான் அறிந்தேன்.

கை உயர்த்தச் சொன்னார்கள். எண்ணினார்கள். செயலாளரம்மா ஜூடி போனை எடுத்து, "சேருகிறோம் என்று டொக்டரிடம் சொல்லு," என்றார். கொஞ்சம் நிறுத்தி, "மிக் கை உயர்த்தவில்லை. இப்போது எழும்பிப் போய்விட்டார்," என்றார்.

நான் மண்டபத்துக்குள் ஓடினேன். அண்ணை மூன்றாவது பிடிப் பொரியோடு நின்றார். தூர இருந்தே தலையாட்டினேன். புரிந்துகொண்டார். பிறகு, 'மிக்?' என்று வாயால் மட்டும் கேட்டார். இல்லையென்று கை விரித்தேன். அண்ணையின் கை அப்படியே நின்றது. "தம்பி, பொரியைப் போடும், நெருப்பு நூந்து அணையப் போகுது!" என்று ஐயர் அதட்டிய பிறகுதான் விழுந்தது.

அதற்குப் பிறகு எத்தனை பேர் வந்து கைகொடுத்தார்கள், எத்தனை கமராவுக்குச் சிரித்தார்! ஒன்றிலும் ஆள் இல்லை. பந்தியில் உட்கார்ந்தவர் பாதியில் எழும்பினார். வாழையிலையில் சோறு அப்படியே கிடந்தது. என்னையும் இழுத்துக்கொண்டு மறுபடி காசுப் போன். அடித்தது, அடித்தது… நான் எண்ணுவதை விட்டுவிட்டு அண்ணையின் முகத்தைப் பார்க்காமல் நின்றேன். ஒருவழியாக அந்தப் பக்கம் எடுத்தார்கள்.

"மிக், நான்தான்."

அண்ணை சுவரில் சாய்ந்தார்.

"அந்த ஊருக்கு நீ கார் ஓட்டவேண்டாம். நான் வந்து ஏத்திறன். வழி நெடுக ரெண்டு பேரும் ரோட்டைப் பாத்துக்கொண்டு போவம்."

பிறகு மிக் ஏதோ சொல்ல, அண்ணை "சரி" என்றார், "சரி, சரி" என்றார், போனை வைத்தார். வைத்துவிட்டு அப்படியே நின்று சிரித்தார்.

"வாறாராமோ?" என்றேன்.

"வாறாராம். ஆனா காருக்குள்ளை நான் ஒரு கேள்வியும் கேக்கக் கூடாதாம்."

"அப்ப?"

"அப்ப ஆள் தானாவே கதைக்கப் போகுது, பிள்ளை."