கம்பளிக்காரரின் தட்டு

வண்டியை இப்படி மெதுவாக உருட்டுகிறேனே என்று கோபித்துக்கொள்ளாதீர்கள் சார், காரணம் சொல்கிறேன். பேய், ஆவி எதையும் நான் நம்புகிறவன் இல்லை. கொடைக்கானலில் சுற்றுலாக்காரர்களுக்குப் பேய்க்கதை சொல்வதே எங்களைப் போன்ற டாக்ஸிக்காரர்கள்தான். வளைவுக்கு ஒரு வெள்ளைச் சேலைக்காரியை நானே நிறுத்திவைத்திருக்கிறேன். இதையும் அந்தக் கணக்கில் சேர்த்தால் சேர்த்துக்கொள்ளுங்கள், எனக்கொன்றும் குறைந்துவிடாது.

நானும் என் மனைவி ஸ்டெல்லாவும் தினமும் சாம்பார் சாதம் செய்து ரோட்டோரம் கிடப்பவர்களுக்குக் கொடுக்கிறோம். மலையில் பிளாஸ்டிக் கூடாது, அதனால் எவர்சில்வர் தட்டு. இந்தப் பூம்பாறை ரோட்டில், பாழடைந்த ஒரு பஸ் நிழற்குடையில் கறுப்புக் கம்பளியோடு ஒருவர் இருப்பார். பேர் தெரியாது, ஊர் தெரியாது, வாய் திறந்து ஒரு வார்த்தை பேசியதில்லை. என் வண்டிச் சத்தம் கேட்டால் மட்டும் தட்டில் விரலால் தட்டுவார். டங் டங், கொஞ்சம் விட்டு ஒரு டங். பசிக்கிறது என்று அர்த்தம்.

போன மழைக்காலத்தில் அவருக்குக் காய்ச்சல் கண்டு மூச்சு இரைத்தது. நானே தூக்கிப் போட்டுக்கொண்டு போய்த் திண்டுக்கல் பெரியாஸ்பத்திரியில் சேர்த்தேன். அவர் தட்டு வண்டியிலேயே கிடந்தது.

மறுநாள் பூம்பாறையில் ஒரு சவாரியை இறக்கிவிட்டுத் திரும்புகிறேன், மிச்சச் சோறு பின்னால் ஹாட்பாக்ஸில் இருக்கிறது. சாயங்காலம்தான், ஆனால் பனிமூட்டத்தில் எதிரே வருகிற லாரி தெரியவில்லை. ஸ்டெல்லா போனில், "ஏங்க, மிஸ்ட்டு அப்பிக் கெடக்கு, வெரசா வந்து சேருங்க" என்று கத்துகிறாள். நிழற்குடையைத் தாண்டும்போது கேட்டது. டங் டங். டங்.

தட்டுகள் குலுங்குகின்றன என்று நினைத்து எஞ்சினை அணைத்தேன். அப்போதும் கேட்டது. நிழற்குடையில் யாருமில்லை. சத்தம் ரோட்டுக்குக் கீழே, பள்ளத்திலிருந்து வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன் சார், வண்டியை எடுத்துக்கொண்டு ஓடத்தான் பார்த்தேன். ஆனால் அந்தச் சத்தம் கேட்டு ஒருநாளும் நான் சோறு போடாமல் போனதில்லை. "யாருலே அது, சனியனே?" என்று திட்டிக்கொண்டே டார்ச்சோடு இறங்கினேன்.

புதருக்குள் ஒரு அம்மா கிடந்தார். முந்தின நாள் கூக்கால் பஸ்ஸைத் தவறவிட்டு, தண்ணீர் குடிக்க ஓடைக்கு இறங்கி வழுக்கி, கால் ஒடிந்து, இரவெல்லாம் நனைந்திருக்கிறார். கத்திக் கத்தித் தொண்டை அடைத்துவிட்டது. உதடெல்லாம் நீலம். என் ஸ்வெட்டரைப் போர்த்திவிட்டுச் சோற்றைக் குழைத்து ஊட்டினேன். நாலு வாய் உள்ளே இறங்கிய பிறகுதான் எனக்கு உயிர் வந்தது.

"நீங்களாம்மா தட்டுனீங்க?"

"எதத் தட்டுறது சாமி? கையி மரத்துப்போயில்ல கெடக்கு."

அவரை வண்டியில் ஏற்றும்போது பார்த்தேன், கம்பளிக்காரர் தட்டு பின்சீட்டுக்கு அடியில், கிடந்த இடத்திலேயே கிடந்தது.

அந்த அம்மா இன்னொரு ராத்திரி தாங்கியிருக்க மாட்டார் என்றார் டாக்டர். அந்தச் சத்தத்தை, எனக்குக் காதில்தான் ஏதோ கோளாறு என்று விட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கம்பளிக்காரரைப் பார்க்கத் திண்டுக்கல் போனேன். மூக்கில் குழாயோடு படுத்திருந்தார். என்னைக் கண்டதும் உதடு அசைந்தது. குனிந்து காதைக் கொடுத்தேன்.

"அந்தம்மா சாப்ட்டுச்சா?"

அந்த அம்மாவைப் பற்றி நான் அவரிடம் மூச்சுக்கூட விட்டதில்லை சார். "சாப்ட்டாங்க" என்றேன், வேறென்ன சொல்ல? கண்ணை மூடித் தூங்கிவிட்டார்.

பிழைத்து வந்துவிட்டார். எங்கள் வீட்டுக்குக் கூப்பிட்டும் வராமல், அதே நிழற்குடையில்தான் இருக்கிறார். அதற்குப் பிறகு ஒரு பேச்சும் இல்லை. உங்களுக்கு எப்படித் தெரியும் என்று நானும் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாரோ என்று பயம்.

சரி, அதற்கு ஏன் வண்டியை உருட்டுகிறாய் என்கிறீர்களா? நேற்று வயிறு நிறையச் சாப்பிட்டார் சார். தட்டைக் கழுவி வைத்தார். நான் வண்டியை எடுக்கப்போகும்போது, அந்தக் காலித் தட்டில் மறுபடி தட்டினார்.

நேற்றிலிருந்து தேடுகிறேன், இன்னும் யாரையும் காணோம். உங்கள் பக்கம்தான் பள்ளம். கொஞ்சம் பார்த்துக்கொண்டே வாருங்கள்.