துணைக்குப் போகிறவள்

குன்னத்துக்குப் பக்கத்திலிருக்கும் அந்த ஊரில் யாருக்குக் கை ஒடிந்தாலும், பாம்பு தீண்டினாலும், பிரசவ வலி கண்டாலும் முதலில் ஆம்புலன்சுக்குப் போன் போகும். அடுத்ததாக ஒரு ஆள் வேம்புவைத் தேடி ஓடும். பருத்தி எடுத்துக்கொண்டிருந்தால் மடியை அப்படியே வரப்பில் அவிழ்த்துக் கொட்டிவிட்டு வந்து வண்டியில் ஏறிக்கொள்வாள். அன்றைய கூலி போகிறதே என்று முகம் சுளித்தது கிடையாது.

உதவும் குணம் என்று ஊர் சொல்லும். அது பாதிதான் உண்மை. மனித உடம்புக்குள் என்ன இருக்கிறது, எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்வதில் அவளுக்கு அடங்காத ஆசை. காயத்துக்குத் தையல் போடும்போது கூட வந்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். இவள் கழுத்தை நீட்டுவாள். "ஏன் சார், உள்ள ஒரு தையல், வெளிய ஒரு தையலா? உள்ள போட்டத எப்புடி சார் பிரிப்பீங்க?" அது தானாகக் கரைந்துவிடும் என்று டாக்டர் சொன்னதை ஊருக்கு வந்து ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தாள். எக்ஸ்ரே எடுத்தவர்கள் அந்தப் பெரிய உறையோடு அவள் வீட்டுக்குத்தான் முதலில் வருவார்கள். படத்தை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்து, "இந்தா பாரு, தலமுடி மாதிரி ஒரு கோடு. இதான் ஒடசல்," என்பாள்.

"ஒனக்குப் பெரிய டாக்டருன்னு நெனப்பு," என்பாள் பக்கத்து வீட்டு சுமதி.

"டாக்டருக்கு இவ்ளோ ஆச இருக்காதுடி. அவருக்கு இது தெனம் திங்கிற சோறு."

ஒரு விஷயத்தில் மட்டும் வேம்பு கறார். "கூட வந்தது யாரு?" என்று நர்ஸ் காகிதத்தை நீட்டினால் உடனே கையெழுத்துப் போட மாட்டாள். என்ன எழுதியிருக்கிறது என்று படித்து, புரியாததைக் கேட்டு, அதைப் படுத்திருப்பவர் காதிலும் போட்டுவிட்டுத்தான் பேனாவைத் தொடுவாள். அவர் மயக்கத்தில் இருந்தால், தெளிந்ததும் அவளுக்கு முதல் வேலை அதுதான். "ஒன் ஒடம்பு. ஒனக்குத் தெரியணும்ல?"

ஊரார் உடம்பெல்லாம் பிடிபட்டவளுக்குத் தன் உடம்பு பிடிபடவில்லை. மகள் கவியா பிறந்து பன்னிரண்டு வருஷமாகிறது. அதன் பிறகு ஒன்றும் தங்கவில்லை. "ஊருக்கெல்லாம் துணைக்குப் போறா, சொந்த வயிறு தொறக்கல," என்று மாமியார் பொன்னம்மாள் சோறு போடும் நேரமாகப் பார்த்துச் சொல்வாள். கணவன் அரியமுத்து தலையைக் குனிந்து பிசைந்த சோற்றையே பிசைந்துகொண்டிருப்பான். அவனுக்கும் மனசு வலிக்கிறது என்று வேம்பு எண்ணிக்கொள்வாள்.

நாட்டு மருந்து தின்றாள். செவ்வாய்க்கிழமை பட்டினி கிடந்தாள். கோயில் மரத்தில் மஞ்சள் துணியில் தொட்டில் கட்டப் போனபோது கிளை அவளுக்கு எட்டவில்லை. அரியமுத்துதான் எக்கிக் கட்டினான், காற்றில் அவிழாதபடி இரண்டு முடிச்சு. "டவுன்ல ஒரு ஸ்கேன் எடுத்துப் பாக்கலாங்க," என்று அவள் கேட்கும்போதெல்லாம், "வேணாம் புள்ள. ஒன்னய மறுபடி ஆஸ்பத்திரியில படுக்க வச்சுப் பாக்க எனக்குத் தெம்பு இல்ல," என்பான். தன்மேல் இவ்வளவு பிரியமா என்று அவளும் அந்தப் பேச்சை விட்டுவிடுவாள்.

போன மாதம் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது கால் பிசகி விழுந்தாள். இடுப்பில் நல்ல அடி. சுமதி பெரம்பலூருக்குக் கூட்டிப்போனாள். எக்ஸ்ரே எடுக்கும் மஞ்சு பழக்கப்பட்ட பெண். திரையில் படம் வந்ததும் வலியை மறந்து வேம்பு எட்டிப் பார்த்தாள்.

"அய்யய்யோ, ஊக்கக் கழட்டல போலருக்கே! நடுவுல தெரியுது பாரு. திரும்ப எடுக்கணுமா?"

"ஊக்கெல்லாம் இந்தத் தட்டுலதானக்கா இருக்கு," என்றாள் மஞ்சு. "எலும்பு ஒண்ணும் ஒடையல. இது காப்பர்-டி. கர்ப்பம் ஆகாம இருக்க வைக்கிறது. எப்ப வச்சீங்க?"

"நான் வைக்கலயே."

மஞ்சு திரும்பி அவளைப் பார்த்தாள். குரல் இறங்கியது. "கொழந்த பொறந்த ஒடனே வச்சிருப்பாங்கக்கா. கூட இருந்தவங்க கையெழுத்துப் போட்டிருப்பாங்க."

அன்று கூட இருந்தது அரியமுத்து ஒருவன்தான்.

அவளை அழைத்துப்போக அவன் வண்டியில் வந்தபோது வேம்பு வெளியே சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். சுமதியை முன்னாலேயே பஸ் ஏற்றிவிட்டிருந்தாள். அவன் கையில் படத்தைக் கொடுத்து, அந்த வெள்ளைக் குச்சியின் மேல் விரலை வைத்தாள்.

அவன் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தான்.

"நீ கெடந்த கெடப்பு ஒனக்குத் தெரியாது புள்ள. ரெண்டு பாட்டில் ரத்தம் ஏத்துனாங்க. இன்னொரு கொழந்த வேணாம், நீ போயிருவன்னு பயந்துட்டேன். அவங்க கேட்டாங்க, போட்டேன்."

"சரி, அன்னைக்குப் போட்டீங்க. மறுநாளு எனக்கு முழிப்பு வந்துச்சே?"

"சொன்னா எடுத்துருவன்னு..."

"ஒங்கம்மா பேசுனப்ப?"

அவன் படத்தை அவளிடமே திருப்பிக் கொடுத்தான்.

"தொட்டில் கட்டுனப்ப?"

"நீதான் எட்டலன்னு சொன்ன."

வேம்புவுக்கு அழுகை வரவில்லை. அவன் பயந்ததைக்கூட அவளால் புரிந்துகொள்ள முடிந்தது. அந்த இரண்டாவது முடிச்சைத்தான் எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தும் விளங்கவில்லை.

எழுந்தாள். சுவரைப் பிடித்து நொண்டிக்கொண்டு மகளிர் பிரிவுக்கு நடந்தாள். அவன் பின்னாலேயே வந்தான். அங்கே படத்தைக் காட்டி, இதை எடுக்க வேண்டும் என்றாள். டாக்டர் பார்த்துச் சரி என்றதும் நர்ஸ் காகிதத்தை எடுத்தாள்.

"கூட வந்தது யாரும்மா?"

அரியமுத்து முன்னே வந்து சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தான்.

"யாரும் வரல சிஸ்டர்," என்றாள் வேம்பு. "இங்க குடுங்க. படிச்சுட்டு நானே போடுறேன்."

ஒரு வரி விடாமல் படித்தாள். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுக் கேட்டாள்:

"எடுத்ததும் அத எங்கிட்டக் காட்டுவீங்கள்ல?"

"அதப் பாத்து என்னம்மா பண்ணப்போற?"

"பன்னெண்டு வருஷமா உள்ள இருந்திருக்கு. எப்புடி இருக்குன்னு பாக்கணும்."