புத்தர் ஊர்வலமும் நடு ஸ்லீவும்

எனக்கு எழுபத்து நான்கு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். எங்கள் டிராக்டரையும் சேர்த்தால் ஆறு. சேர்க்கத்தான் வேண்டும், ஏனென்றால் மற்ற ஐந்து பேரையும்விட அதற்குத்தான் அதிகம் வைத்தியம் பார்த்திருக்கிறேன். எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், பஸ் போர்டை எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். மற்றதற்குப் பேத்தி இருக்கிறாள். நான் சொல்லச் சொல்ல அவள்தான் எழுதுகிறாள்.

மைன்ஸ் என்று நாங்கள் சொல்லும் தங்கச் சுரங்கத்தை மூடிய பிறகு என் வீட்டுக்காரர் பழையதாக வாங்கிய டிராக்டர் அது. அவர் போன பிறகு பெரிய மகன் ஓட்டுகிறான். பூதிகோட்டைப் பக்கம் உழவுக்குப் போகும். ஆனால் எங்களுக்குப் பெருமை உழவில் இல்லை. ஒவ்வொரு வருடமும் புத்த பூர்ணிமா அன்று, நாங்கள் குடியிருக்கும் கோரமண்டல் பகுதியில் எங்கள் ஜனங்கள் ஊர்வலம் எடுப்பார்கள். பூ அலங்காரத்தில் புத்தர் உட்கார்ந்து வரும் டிரெய்லரை இழுப்பது எங்கள் டிராக்டர்தான்.

இந்த வருடம் பூர்ணிமா நெருங்கும்போது அது வெள்ளைப் புகை விட ஆரம்பித்தது. ரேடியேட்டரில் காலையில் ஊற்றிய தண்ணீர் சாயங்காலம் இல்லை. கோயில் கமிட்டிக்காரர்கள் வந்து பார்த்தார்கள். முந்தின நாள் சாயங்காலத்துக்குள் வண்டி தயாராக வேண்டும், இல்லாவிட்டால் என் நாத்தனார் வீட்டுப் புது டிராக்டரைக் கேட்டுக்கொள்கிறோம் என்று மரியாதையாகத்தான் சொன்னார்கள். அன்றே மெக்கானிக்குக்குச் சொல்லி அனுப்பினேன்.

நாத்தனார் பக்கத்துக் குடியிருப்பான மைசூர் மைன்ஸில் இருக்கிறாள், என் வீட்டுக்காரரின் தங்கை. கண் ஆபரேஷன் செய்துகொண்டதிலிருந்து அவளோடு பேசவே முடிவதில்லை. என் புடவையில் இருக்கும் எண்ணெய்ப் பிசுக்கு, சுவர் மூலையில் இருக்கும் ஒட்டடை, எல்லாம் அவள் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும்.

மெக்கானிக் பூதிகோட்டைக்காரர், கன்னடமும் தமிழும் கலந்து பேசுவார். எஞ்சினைக் கழற்றி எங்கள் வாசலில் தகர ஷீட்டுக்கு அடியில், இரண்டு கட்டைகள்மேல் உட்கார வைத்தார். வடித்த ஆயில் பால் அதிகமான டீ மாதிரி இருந்தது.

"தண்ணி ஆயில்ல கலந்துக்கினு கீது, ஆயா" என்றார்.

பிஸ்டன் மேலும் கீழும் ஓடுகிற இரும்புக் குழாய்தான் ஸ்லீவ். எங்கள் எஞ்சினில் மூன்று. அவற்றைச் சுற்றி வெளியே தண்ணீர் நிற்கும். மெக்கானிக் ஸ்லீவின் வாய்க்குக் கொஞ்சம் கீழே நகத்தை வைத்து மேல்நோக்கி இழுத்தார், ஒரு படியில் தட்டி நின்றது. என்னையும் தடவிப் பார்க்கச் சொன்னார். அவ்வளவு தேய்மானம். வெளியே இழுத்துப் பார்த்தால், தண்ணீர் பட்ட பக்கம் பூச்சி அரித்த கத்தரிக்காய் மாதிரி குழி குழியாக இருந்தது.

பூர்ணிமாவுக்கு இரண்டு நாள் முன்பு புது ஸ்லீவ்கள் வந்தன. ஒவ்வொன்றின் அடியிலும் தண்ணீர் கீழே இறங்காமல் இருக்க ரப்பர் ரிங் மாட்டி இறக்கினார். உடனே மூடிவிடலாம் என்றார்.

"தண்ணி ஊத்திப் பாக்காம மூடக் கூடாது" என்றேன்.

"சும்னே டைம் வேஸ்ட் ஆயா. எல்லாம் புதுசு."

என் வீட்டுக்காரர் மைன்ஸில் ஷாஃப்ட் என்கிற ஆழக் குழிக்குள் ஆட்கள் நிற்கும் இரும்புக் கூண்டை, அதாவது கேஜை, இறக்கும் எஞ்சினை ஓட்டியவர். ஷிஃப்ட் ஆட்களை இறக்குவதற்கு முன் காலி கேஜை அடிவரை விட்டு எடுப்பார்கள். அந்தப் பழக்கத்தில் அவர் புதுக் குடத்தில்கூட ஒரு நாள் தண்ணீர் ஊற்றி வைத்துத்தான் சமையலறைக்குள் விடுவார். அவர் வண்டிக்கு அது இல்லாமலா? மெக்கானிக் மற்ற ஓட்டைகளை அடைத்துவிட்டு, ஸ்லீவ்களைச் சுற்றித் தண்ணீர் ஊற்றினார். நான் எஞ்சினுக்கு அடியில் தரையைத் துடைத்துக் காயவிட்டு, ஒரு சொட்டு விழுந்தாலும் தெரியும்படி கோலமாவை மெல்லிசாகத் தூவினேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். ஒன்றும் இல்லை. மெக்கானிக்கும் எட்டிப் பார்த்துத் தலையாட்டினார். அப்போதுதான் நாத்தனார் குடையோடு வந்தாள்.

"இன்னா அண்ணி, இந்த வாட்டி புத்தர நடக்க வுட்டுடுவீங்களா?"

"உன் வண்டியில பெயிண்ட் நாத்தம் இன்னும் போவல. புத்தரு மூக்கப் பொத்திக்கினு வரணுமா?"

அவள் சிரித்துக்கொண்டே ஸ்டூலில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் குனிந்து பார்த்தாள்.

"அண்ணி, மாவுல இன்னாது அது புள்ளி?"

"ஈயா இருக்கும்."

"ஈயின்னா பறக்கும். இது ஒக்காந்த எடத்துல பெருசாவுது."

மெக்கானிக் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தார். நடு ஸ்லீவின் அடியில் ஒரு சொட்டு முத்து மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. அந்த ஸ்லீவை மறுபடி இழுத்தார். உட்காரும் இடத்தில் ஒட்டியிருந்த துருக்கட்டி ரப்பர் ரிங்கை அறுத்திருந்தது. வேறு ரிங் அவரிடம் இல்லை.

"நாளைக்குக் கடைக்குப் போயி வாங்கியாந்து போட்டா, சாயங்காலத்துக்குள்ள முடியாது ஆயா."

எனக்குக் கோபம் நாத்தனார்மேல்தான் வந்தது. வாழ்த்தவா வந்தாள், புள்ளி எண்ணத்தானே வந்தாள் என்று நினைத்தேன். அதற்குள் அவள் போனை எடுத்து மகனைக் கூப்பிட்டாள்.

"டேய், இன்னா பண்ணினு கீற? டிராக்டர கழுவுறியா? பாதியில வுட்டுட்டு பைக்க எடு. மெக்கானிக் பேசுறாரு, அவரு சொல்ற ரப்பர் ரிங்க வாங்கிக்கினு நேரா மாமி வூட்டுக்கு வா."

ஊர்வலத்துக்காகவே கழுவிக்கொண்டிருந்திருக்கிறான்! நான் அவளைப் பார்த்தேன். அவள் புடவைத் தலைப்பைச் சரிசெய்தபடி, "எங்கண்ணன் வண்டி அண்ணி. நடு ரோட்டுல நின்னா, உங்களயா பேசுவாங்க? எங்கண்ணனத்தான் பேசுவாங்க" என்றாள்.

ரிங் வந்தது. மெக்கானிக் துருவைச் சுரண்டி, எமரி தாளால் தேய்த்து, ரிங்கில் சோப்புத் தண்ணீர் தடவி ஸ்லீவை இறக்கினார். மறுபடி தண்ணீர், மறுபடி மாவு. இந்தத் தடவை நாத்தனார் கண்ணுக்கும் புள்ளி அகப்படவில்லை. மறுநாள் சாயங்காலம் கமிட்டிக்காரர்கள் தெருமுனையில் வரும்போதே எஞ்சின் சத்தம் அவர்களுக்குக் கேட்டது. புகை வெள்ளையாக இல்லை.

ஊர்வலத்தில் நாத்தனாரை டிரெய்லரில் புத்தர் பக்கத்தில் உட்கார வைத்தேன். கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டு வந்திருக்கலாம். வழியெல்லாம் எட்டிப் பார்த்து, "அண்ணி, அங்க ஒரு சொட்டு! அது யாரு வண்டிது?" என்று கத்திக்கொண்டே வந்தாள்.

இவ்வளவுதான். கண்ணு, அவ புள்ளியப் பாத்தத எழுதிட்டியா? நான் பாத்தேன்னு மாத்த முடியாதா? சரி, இருக்கட்டும். சாயங்காலம் அவ வந்துடுவா. அதுக்கு முன்ன மொதல்லேருந்து மெதுவா ஒரு வாட்டி படி.