சண்டை போடும் கணினி

“அப்பா கம்ப்யூட்டர் கத சொல்லுது. உன்னுது சண்ட போடுது” என்று என் ஆறு வயது மகள் சொன்னபோது நான் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது. அன்று முதல் என் கணவரின் மடிக்கணினியை நினைத்தாலே எனக்கு வயிறு எரிந்தது.

எனக்கும் அவருக்கும் பிறவியிலிருந்தே பார்வை இல்லை. மகளுக்கு உண்டு. கூடுவாஞ்சேரியில் குடியிருக்கிறோம். நான் செங்கல்பட்டில் ஓர் அலுவலகத்தில் எழுத்தர். அங்கேயும் வீட்டிலும் விண்டோஸ்தான். திரையில் இருப்பதைப் பேசிக் காட்டும் இலவசத் திரைவாசிப்பான் ஒன்றை அதில் போட்டிருக்கிறேன். தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கியதுபோலத் தமிழ் வாசிக்கும். அவர் மென்பொருள் சோதிப்பவர். வேலைக்கென்று கொடுத்த மேக் மடிக்கணினியில் திரைவாசிப்பான் கூடவே பிறந்தது. அதன் தமிழ்க் குரல் மூச்சு விடும், நிறுத்தும், கேள்விக்கு ஏறும். கல்லூரிக் காலத்து லினக்ஸ் மடிக்கணினி ஒன்றும் அலமாரியில் கிடக்கிறது. அதில் எதையோ மாற்றப்போய் நானே அதை ஊமையாக்கிவிட்டேன். பேசாத கணினி எங்களுக்கு வெறும் பலகை.

தினமும் சாயங்காலம் நான் ரயிலை விட்டு இறங்கி வீடு வரும்போது மகள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் குரலிடம் கதை கேட்டுக்கொண்டிருப்பாள். நான் வந்ததுகூடத் தெரியாது. குழந்தைக்கு நல்ல குரல் பிடிக்காதா என்ன, இதற்கெல்லாம் ஒரு தாய் மனம் சுருங்கலாமா என்று என்னையே கேட்டுக்கொள்வேன். சுருங்கத்தான் செய்தது.

அப்போதுதான் பள்ளியில் ஓர் அறிவிப்பு வந்தது. மாதம் ஒரு சனிக்கிழமை, வகுப்புக்கு ஒரு பெற்றோர் வந்து கதை வாசிக்க வேண்டும். சாப்பிடும்போது மகளிடம் கேட்டேன்.

“அப்பா வரட்டும்” என்றாள். யோசிக்கவே இல்லை.

சரி என்று சொல்லிவிட்டு, கை கழுவிய ஈரத்தோடு ஆசிரியைக்கு என் பெயரை அனுப்பினேன். இதைச் செய்தது நான்தானா என்று இன்றும் கூச்சமாக இருக்கிறது. விஷயம் தெரிந்ததும் அவர், “யார் போனா இன்னா, வுடு” என்றார். மகள் எதுவும் சொல்லவில்லை. அவள் பேசாமல் இருந்தால் அவள் முகத்தில் என்ன இருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்?

நாங்கள் உரக்க வாசிக்கும் முறை ஒன்று உண்டு. ஒரு காதில் இயர்போன் இருக்கும். திரைவாசிப்பான் ஒரு வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டே போக, அரை வாக்கியம் பின்னால் நாம் வாயால் சொல்லிக்கொண்டே வர வேண்டும். அந்த இனிய குரல் என் காதில் ஓடினால் என் வாயிலும் இனிமை வரும் என்று நினைத்தேன். அவர் மகளோடு கடைக்குப் போகும் நேரமாகப் பார்த்து, அவர் கணினியில் ரகசியமாகப் பழகினேன்.

ஒன்றும் வசப்படவில்லை. திரைவாசிப்பானுக்குக் கட்டளை கொடுக்க என் விரல் பழக்கப்படி இன்செர்ட் விசையைத் தேடியது; அந்த விசைப்பலகையில் அது இல்லவே இல்லை. என் கணினியில் கீழ் அம்பை அழுத்தினால் வரி வரியாக இறங்கிவிடலாம். அவருடையதில் ஒவ்வொரு பகுதியும் ஓர் அறை. உள்ளே நுழைய வேண்டும், வேலை முடிந்ததும் வெளியே வர வேண்டும். நான் ஏதோ ஓர் அறையில் மாட்டிக்கொண்டு கதவைத் தேடிக்கொண்டிருந்தேன். குரல் நிறுத்தி மூச்சு விட்ட இடத்திலெல்லாம் நானும் நின்று தடுமாறினேன். வேகத்தைக் கூட்டினேன். அது எழுத்துகளை விழுங்கியது.

வேகத்தை மறுபடி குறைக்க மறந்துவிட்டேன்.

“யாரு என் மெஷின்ல கை வெச்சது? இன்னா ஸ்பீடு இது!”

“நான்தாங்க.”

“கேட்டா குடுக்க மாட்டனா? திருட்டு வேல இன்னாத்துக்கு?”

“வூட்ல உங்க மெஷினுக்குத்தான மவுசு? என்னுத யாரு சீண்டுறாங்க?”

அவர் சிரித்துக்கொண்டே என் இயர்போனை வாங்கிக் காதில் வைத்தார். நான் அலுவலகத்தில் கேட்கும் வேகத்தில் மூன்று வரி ஓடவிட்டேன்.

“அய்யய்யோ, இன்னாது, சரவெடியா?”

“புரிஞ்சுதா?”

“ஒரு எழவும் புரியல. உனக்குப் புரியுதா?”

மூன்று வரியையும் அப்படியே சொன்னேன். இயர்போனைக் கழற்றி என் கையில் வைத்தார். பிறகு, “இதுலயே உன் காது பழகிக் கீதும்மா. உன்னுதயே எடுத்துகினு போ” என்றார். நியாயமான பேச்சுதான். ஆனாலும் தன் கணினியைத் தனக்கே வைத்துக்கொள்ளத்தான் இப்படிச் சொல்கிறாரோ என்று ஒரு நொடி தோன்றியது.

அந்தச் சனிக்கிழமை என் மடிக்கணினியோடு வகுப்பில் உட்கார்ந்தேன். கதை நானே எழுதியது: மாமல்லபுரம் மணலில் பொரித்த ஆமைக்குஞ்சு ஒன்று கடலைத் தவறவிட்டு, முட்டுக்காடு படகுத்துறையில் வந்து நிற்கிறது. டப்பாக் குரல் முன்னால் ஓட, என் குரல் பின்னால் நடந்தது. ஆமை படகுக்காரரிடம் வழி கேட்கும் இடத்தில் ஒரு குழந்தை எழுந்து, “ஆன்ட்டி, கண்ணு மூடிகினு கீது, எப்டி படிக்கிறீங்க?” என்றது.

எல்லாக் குழந்தைகளும் சிரித்தார்கள். கண்ட்ரோல் விசையை அழுத்திக் குரலை நிறுத்தினேன். என் மகள் எந்தப் பக்கம் இருக்கிறாள் என்றே தெரியவில்லை. பிடிவாதமாக வந்து அவளைத் தலைகுனிய வைத்துவிட்டேனே என்று நினைத்துக்கொண்டேன்.

“அவங்க காதால படிப்பாங்க” என்றது மகளின் குரல், முதல் வரிசையிலிருந்து. “நடுவுல பேசுனா ஆமை வராது. உக்காரு.”

ஆமை கடல் சேர்ந்தது. கைதட்டினார்கள். அடுத்த முறை வீட்டிலிருந்து யார் வருவார்கள் என்று ஆசிரியை கேட்டார். “அப்பா!” என்றாள் அவள், அதே வேகத்தில். நானும் எல்லோரோடும் சேர்ந்து சிரித்தேன். உள்ளே சுருக்கென்று குத்தியது.

ஆட்டோவில் வரும்போது என் தோளில் சாய்ந்துகொண்டு, “அப்பாக்கு வேற கத குடு. ஆமைக் கத குடுக்காத. அது நம்மளுது” என்றாள்.

அப்பாவிடம் அப்படியெல்லாம் மறைக்கக் கூடாது என்று அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஆமைக் கதை இருக்கும் கோப்பினை அனுப்பச் சொல்லி அவர் இரண்டு முறை கேட்டுவிட்டார். இன்னும் அனுப்பவில்லை.