தோளில் இருந்த கை

இது நடந்தது. சொன்னவள் கதவக்கா. கதை கட்டுகிற ஆள் இல்லை அவள். நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

பனிக்கோளின் தண்ணீர்ச் சுரங்கங்களைக் காக்கிற ஏழாம் படையில், கோட்டைக் கதவைத் திறந்து மூடுவது அவள் வேலை. அந்தப் படையின் வரலாற்றில் வெற்றிகள் குறைவு. புயல்கள் அதிகம். புயல் எழுந்தால் நீட்டிய கை தெரியாது. அதனால் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். முன்னால் போகிறவர் தோளில் கை வைத்துத்தான் நடப்பார்கள். கதவைத் தாண்டும்போது ஒவ்வொருவரும் ரேடியோவில் "வந்தாச்சு" என்பார்கள். தன் தோளில் கை இல்லாதவர் மட்டும் "நான்தான் கடைசி" என்பார். அதைக் கேட்டுத்தான் கதவக்கா கதவை மூடுவாள். அந்தச் சொல்லை வைத்து அங்கே யாரும் விளையாடுவதில்லை.

அன்று ரோந்து போனது ஐந்து பேர். வரிசையின் கடைசியில் அவளுடைய தம்பி.

"சாப்பாட்டுக்கு மட்டும் முதல் ஆளா நிப்பே. இங்க வாலா?" என்று கிளம்பும்போது சீண்டினாள்.

"நீ கதவைத் திறந்து வை, போதும். வாயை மூடு."

திரும்பி வரும் வழியில் புயல் பிடித்துக்கொண்டது. நல்ல பகல். ஆனாலும் கண்ணாடிக்கு அப்பால் வெள்ளை தவிர ஒன்றுமில்லை. வெளிக்கதவைத் திறந்து, விசையில் கை வைத்துக் காத்திருந்தாள்.

"வந்தாச்சு." கேப்டன்.

"வந்தாச்சு." டாக்டர்.

"வந்தாச்சு." சமையல்காரர்.

"நான்தான் கடைசி."

அது ரேடியோக் கம்பி பார்க்கிற கம்பிக்காரன் குரல். நாலாவது ஆள்.

"டேய், என் தம்பி எங்கடா?"

"தோள்ல கை இல்லக்கா... காத்து தள்ளினதுல எப்ப விட்டான்னே தெரியல."

தம்பியைக் கூப்பிட்டாள். மறுபடி கூப்பிட்டாள். இரைச்சல் மட்டும்.

கதவின் தடத்தில் பனித்தூள் ஏறிக்கொண்டிருந்தது. இன்னும் ஏறினால் கதவு உறைந்துவிடும். வெளிக்கதவு மூடாமல் உள்கதவு திறக்காது. இரண்டுக்கும் நடுவில் நிற்கிற நால்வரிடமும் காற்று தீர்ந்துகொண்டிருந்தது.

"மூடும்மா," என்றார் கேப்டன். "அவனுக்காக நாலு பேரைக் கொல்லாதே."

விசையை அழுத்தப் போனாள்.

அப்போதுதான்...

"நான்தான் கடைசி."

தம்பியின் குரல் இல்லை. அவளுக்குத் தெரிந்த எவர் குரலும் இல்லை. நிதானமான குரல். காதோடு சொன்னதுபோல.

"யாரது?"

இரைச்சல்.

"யாரும் பேசலையே, மூடு!" என்று கத்தினார் கேப்டன்.

கையை எடுத்துவிட்டாள்.

சர்... சர்... கதவோரம் உரசும் சத்தம்.

வெள்ளைக்குள்ளிருந்து தம்பி வந்து விழுந்தான். யாரோ பிடித்துத் தள்ளியதுபோல.

மூடினாள். தடம் கிறீச்சிட்டது. மூடிக்கொண்டது.

ஹெல்மெட்டைக் கழற்றியதும் தம்பி கேட்டான்.

"பின்னால வந்தவரு எங்க?"

"யாரு?"

"என் தோள்ல கை வெச்சுத் தள்ளிட்டே வந்தாரே. அவர் வர்றதுக்குள்ள ஏன்க்கா மூடினே?"

அவன் ரேடியோ பாதி வழியிலேயே செத்துப்போயிருந்தது.

அவன் இடது தோளில் உறைபனி. அதில் ஐந்து விரல்களின் தடம்.

மறுவாரம், அவள் ரேடியோவில் பதிவாகியிருந்த அந்தக் குரலைப் படையின் வரலாறு எழுதும் கிழவரிடம் போட்டுக் காட்டினாள். ஓய்வு பெற்ற தளபதி அவர். ஒருமுறை கேட்டார். மறுபடி போடச் சொன்னார்.

"எங்கூட இருந்தவன் குரல்மா. முதல் முற்றுகையப்போ இதே கதவு, இதே மாதிரி புயல். எல்லாரும் வந்துட்டாங்கன்னு மூடிட்டாங்க. அவன் வெளியில. நாற்பது வருஷம் ஆச்சு."

"அவர்தான் என் தம்பியைக் கொண்டுவந்து விட்டாரா?"

கிழவரை வேறொன்று உறுத்திக்கொண்டிருந்தது.

"அவன் போன பிறகுதாம்மா இந்த வழக்கத்தையே கொண்டுவந்தோம். அவன் உயிரோட இருந்தவரைக்கும் 'நான்தான் கடைசி'ன்னு யாரும் சொன்னதில்லை. அவனுக்கு இது எப்படித் தெரியும்?"

கதவக்காவுக்கு அப்போதுதான் புரிந்தது.

இத்தனை வருஷமும் ஒவ்வொரு வரிசைக்கும் பின்னால் அவர் வந்து, கேட்டுக் கேட்டுத்தான் தெரிந்திருக்கும்.

அந்தச் சொல்லைக் கேட்ட கையோடு, ஒவ்வொரு முறையும், அவர் வெளியில் நிற்க, அவள் கதவை மூடியிருக்கிறாள்.