இரண்டாம் வரிசையில் ஒரு காலி நாற்காலி

கென்டக்கியில், லிக் ஃபோர்க் மைதானத்தில் வருஷாவருஷம் நடக்கிற நாலு நாள் இசைவிழாவுக்கு, வியாழக்கிழமை காலை எட்டு மணிக்குக் கயிற்றை அவிழ்ப்பார்கள். முழங்காலை மாற்றிக்கொண்டவர்கள், இதயத்தில் குழாய் வைத்தவர்கள், வீட்டில் குப்பைத் தொட்டியை நகர்த்தச் சொன்னால்கூட இடுப்பைப் பிடித்துக்கொள்கிறவர்கள் எல்லாரும் மடக்கு நாற்காலியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மேடையைப் பார்த்து ஓடுவார்கள். ஓடக் கூடாது என்று பலகை வைத்திருக்கிறார்கள். அதனால் அதற்குப் பெயர் ஓட்டம் இல்லை, வேகமான நடை.

போட்ட நாற்காலி போட்டதுதான். ஞாயிறு சாயங்காலம் கடைசிக் குழு வாசித்து முடிக்கும்வரை அதை யாரும் ஓர் அங்குலம் நகர்த்த மாட்டார்கள். நீங்கள் சாப்பிடப் போகலாம், வண்டிக்குள் போய்க் குறட்டை விடலாம். அந்த நேரத்தில் எவர் வேண்டுமானாலும் உங்கள் நாற்காலியில் உட்காரலாம். நீங்கள் வந்து நின்றால் முணுமுணுக்காமல் எழுந்து போய்விட வேண்டும். புளூகிராஸ் என்கிற இந்த மலைநாட்டு இசையைக் கேட்கிற சனங்கள் சண்டை போடாமல் ஒத்துக்கொள்கிற ஒரே சட்டம் இதுதான்.

டார்சி ராட்லிஃப் இந்த வருஷமும் இரண்டாம் வரிசையைப் பிடித்துவிட்டார். வயது அறுபத்தொன்று. முப்பது வருஷமாகப் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறார். பேருந்தில் ஐம்பத்திரண்டு பிள்ளைகள். எந்தப் பிள்ளை இருக்கைக்கு அடியில் சூயிங்கம் ஒட்டினாலும், அதன் பெயர், அப்பன் பெயர், அப்பனும் அதே இருக்கையில் ஒட்டிய வருஷம் எல்லாம் சொல்லுவார். ஒரு வாத்தியமும் வாசிக்கத் தெரியாது. பாடினால் நாய் எழுந்து வெளியே போகும். ஆனால் கேட்பதில் அவரை அடிக்க ஆள் இல்லை.

அவருடைய நாற்காலிக்கு இடது பக்கம் பேண்டியின் நாற்காலி இருக்க வேண்டும். இருபத்திரண்டு வருஷமாக இருந்தது. இன்று இல்லை.

ஒன்பது மணி ஆயிற்று. பத்து ஆயிற்று. டார்சி வண்டிக்குப் போய், வீட்டிலிருந்து கொண்டு வந்திருந்த இன்னொரு நாற்காலியை எடுத்து வந்து இடது பக்கம் விரித்தார். பின் வரிசையிலிருந்து மர்ல் பார்த்துக்கொண்டே இருந்தார். மர்ல் மூன்று ஆள் அகலம், வாய் நாலு ஆள் அகலம்.

"என்ன டார்சி, ஒரு ஆளுக்கு ரெண்டு நாற்காலியா? பாதிப் பாட்டு இதுல, பாதிப் பாட்டு அதுலயா?"

"பேண்டிக்கு."

"அவன் எங்க?"

"வருவான்."

"வருவான்னா சரி," என்று மர்ல் சொன்னார். சொன்ன விதம் டார்சிக்குப் பிடிக்கவில்லை. அவர் பையிலிருந்து வயிற்றெரிச்சல் மாத்திரை ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

பேண்டி என்றால் குட்டைச் சேவல். ஆளும் அப்படித்தான். நாலே முக்கால் அடி, நெஞ்சை நிமிர்த்தி நடை, கால்சட்டைக்குச் சிவப்புத் தோள்பட்டை வார். எழுபத்தைந்து இருக்கும். மலைக்கு அந்தப் பக்கம், வர்ஜீனியாவிலிருந்து பழுப்பு நிற டிரக்கில் வருவார். அவர்கள் முதன்முதலாகப் பேசியதே சண்டையில்தான். மேடையில் ஒருவன் பாஞ்சோ என்கிற தந்தி வாத்தியத்தை வெளுத்துக் கட்டிக்கொண்டிருந்தான். மூன்று விரலால் மீட்டுகிறான் என்றார் டார்சி. பக்கத்திலிருந்த குள்ளர், "கண்ணாடிய தொடச்சிட்டுப் பாரு, ரெண்டு விரல்!" என்றார். பாட்டு முடிந்தும் சண்டை ஓயவில்லை. மறுநாளும் ஓயவில்லை. நாலாம் நாள் அந்தக் குள்ளர் ஊருக்குப் போகும்போது, "அடுத்த வருஷம் நிரூபிக்கிறேண்டா" என்று கை கொடுத்துவிட்டுப் போனார்.

சண்டைக்கு நடுவில் யாராவது பெயர் கேட்பார்களா? அந்தப் பக்கமாகப் போன ஒருவர் "என்ன பேண்டி!" என்று கூப்பிட்டார், டார்சியும் அதையே பிடித்துக்கொண்டார். அடுத்த வருஷம் கேட்டிருக்கலாம். ஆனால் வந்ததும் வராததுமாகக் கட்டிப் பிடித்துவிட்டார்கள். கட்டிப் பிடித்த ஆளிடம் "உங்க பேரு என்னங்க?" என்று கேட்க முடியுமா? மூன்றாம் வருஷம் அது அவமானம். பத்தாம் வருஷம் பாவம்.

வெள்ளிக்கிழமையும் பேண்டி வரவில்லை. காலி நாற்காலியில் யார் யாரோ உட்கார்ந்தார்கள். ஒரு அம்மாள் கிண்ணம் நிறைய பீன்ஸும் சோளரொட்டியுமாக வந்து உட்கார்ந்து, மெல்லுகிற சத்தத்தில் ஒரு வயலின் தனிவாசிப்பையே முழுங்கினாள். அவள் போனதும் ஓர் ஆள் வந்து தூங்கினான். சட்டப்படி டார்சி வாயைத் திறக்க முடியாது. ஒவ்வொருவர் உட்காரும்போதும் யாரோ பேண்டியின் மேலேயே உட்காருவதுபோல் இருந்தது அவருக்கு. பழுப்பு நிறத்தில் எந்த டிரக் வாசலில் திரும்பினாலும் பாதி எழுந்து, பிறகு குனிந்து ஷூ கயிறு கட்டுவதுபோல் பாவனை செய்தார். அன்றைக்கு அந்தக் கயிறு பதினாறு முறை கட்டப்பட்டது.

மேடையில் என்ன வாசித்தார்கள் என்று கேட்டால் தெரியாது. நல்ல இடம் வரும்போதெல்லாம் இடது பக்கம் திரும்பினார். அங்கே தூங்குகிறவனின் வாய் திறந்திருந்தது.

சாப்பாட்டு நேரத்தில் சீட்டுக் கொட்டகையிலிருந்து மனைவி நோலாவுக்கு ஃபோன் போட்டார். நோலாவுக்கு இந்த இசை ஆகாது. தகரக் கூரையில் ஆட்டுக்குட்டி ஓடுகிற சத்தம் என்பாள்.

"வந்துட்டாரா உன் சேவல்?"

"இல்ல."

"வீட்டுக்கு ஃபோன் போட்டுப் பாரேன்."

"நம்பர் இல்ல."

"பேரைச் சொல்லி விசாரி."

டார்சி குனிந்து ஷூ கயிற்றைத் தொட்டார்.

"ஏய்யா... பேரு தெரியாதா உனக்கு?" நோலா சிரிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்தினாள். "இருபத்திரண்டு வருஷம்! என்னோட பேசுனதவிட அந்த மனுசனோடதான்யா அதிகம் பேசியிருக்க!"

"பாட்டப் பத்திப் பேசுனோம்."

"பாட்டப் பத்தியேவா?"

யோசித்துப் பார்த்தார். மேண்டலின் பற்றிப் பேசியிருக்கிறார்கள். ஒரே ஒலிவாங்கியைச் சுற்றி நாலு பேர் நின்று பாடுவது மேலா, ஆளுக்கொன்று மேலா என்று மூன்று வருஷம் பேசியிருக்கிறார்கள். பேண்டிக்குப் பிள்ளைகள் உண்டா என்று தெரியாது.

சனிக்கிழமை விடிந்ததும் டார்சியை வேறொரு பயம் பிடித்துக்கொண்டது. ஞாயிறு காலை பக்திப் பாட்டு பாடுவதற்கு முன்னால், போன விழாவுக்குப் பிறகு இறந்துபோன ரசிகர்களின் பெயர்களை வாசிப்பார்கள். தொப்பிகளைக் கழற்றிக்கொண்டு எல்லாரும் நிற்பார்கள். குடும்பத்தார் எழுதி அனுப்பிய பெயர்கள். முழுப் பெயர்கள். பேண்டி என்று யாரும் எழுதி அனுப்ப மாட்டார்கள். பேண்டி செத்துப்போயிருந்தால், அவருடைய நிஜப் பெயரை வாசிக்கும்போது டார்சி தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு அதைக் கேட்டு, 'யாரோ ஒருத்தர், பாவம்' என்று நினைத்துவிட்டு உட்கார்ந்துவிடலாம்.

மாத்திரைப் புட்டி காலியாகிவிட்டது.

விழாவை மேடையிலிருந்து நடத்துகிறவள் ஜெல்லா ஹென்ஸ்லி. ஊருக்கே அக்கா. தொண்டையைக் கனைத்தாலே மூன்றாம் வாசல்வரை கேட்கும். டார்சி மேடைக்குப் பின்னால் போய், அந்தப் பட்டியலைப் பார்க்க முடியுமா என்று கேட்டார்.

"ஒம்போது பேரு," என்று காகிதத்தை நீட்டினாள். "உன் ஆளு பேரு என்ன?"

"பேண்டி."

"அது அவங்க அம்மா வச்ச பேராய்யா?"

"அதுதான்க்கா தெரியல."

ஒன்பதில் நாலு பெண்கள். ஆண்களில் இருவர் கென்டக்கி. மிச்சம் மூன்று பேர் வர்ஜீனியா. கார்ல் எஸ்டெப். ஹெர்ஷல் கீன். வில்லர்ட் ஷார்ட்ரிஜ். டார்சி ஒவ்வொரு பெயரையும் சிவப்புத் தோள்பட்டை வாருக்கு மேலே வைத்துப் பார்த்தார். மூன்றுமே பொருந்தின. ஷார்ட்ரிஜுக்குக் கீழே "மேண்டலின் என்றால் உயிர்" என்று யாரோ எழுதியிருந்தார்கள். டார்சி அதை மறுபடியும் படித்தார்.

"மைக்ல கேட்ருவோமா?" என்றாள் ஜெல்லா. "லைட்டை அணைக்காத வண்டி, காணாமப்போன பல்செட்டு எல்லாத்துக்கும் கேக்குறேன். இதுக்குக் கேக்க மாட்டேனா?"

"வேணாம்க்கா."

"ஏன்?"

அறுநூறு பேர் முன்னால், பக்கத்து நாற்காலிக்காரனின் பெயர் தெரியாதவன் டார்சி என்று ஆகிவிடும். மர்ல் சாகும்வரை சொல்லிக் காட்டுவார். செத்த பிறகும் விடமாட்டார். "நாளைக்கு வந்துருவான்க்கா" என்று சொல்லிவிட்டு டார்சி வெளியே வந்தார்.

ஞாயிறு காலை நாற்காலி காலியாகவே இருந்தது. யாரும் வந்து உட்காரக்கூட இல்லை, அது அதைவிட மோசம். பத்தரைக்கு ஜெல்லா காகிதத்தோடு மேடைக்கு வந்தாள். தொப்பிகள் இறங்கின. ஜனங்கள் எழுந்தார்கள். அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மூச்சை இழுத்தாள்.

"நிறுத்துங்க!" என்று ஒரு சத்தம் கேட்டது. யாருடா இது என்று டார்சியே திரும்பிப் பார்க்கப் போனார். அது அவர்தான்.

எப்படி நடந்தார் என்று தெரியாது. படியில் ஒருமுறை தடுக்கினார். ஒலிவாங்கி அவர் மூக்கருகே இருந்தது, பேருந்தில் பிள்ளைகளை அதட்டுகிற குரல் மட்டும் எங்கேயோ இறங்கிப் போய்விட்டது.

"என் பக்கத்துல உக்கார்றவன் வரல. குள்ளமா இருப்பான். சிவப்பு வாரு. அவன் பேரு எனக்குத் தெரியாது." நெற்றியைத் துடைத்தார். "இருபத்திரண்டு வருஷம் ஆச்சு. தெரியாது. யாருக்காவது தெரிஞ்சா... இந்தப் பேரையெல்லாம் வாசிக்குறதுக்கு முன்னாடி சொல்லுங்க."

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"பேண்டி பழுப்பு டிரக் வச்சிருக்கான்," என்றான் ஒருவன்.

"சுரங்கத்துல வேலை பாத்தாரு."

"எனக்கு ஒரு தடவ டயர் மாட்டிக் குடுத்தாரு."

"சரி, பேரு?" என்றாள் ஜெல்லா.

யாருக்கும் தெரியவில்லை. பதினைந்து வருஷமாகப் பின்னால் உட்காருகிற மர்ல் தன் தொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கும் தெரியாதுடா டார்சி," என்றார். அவர் குரல் இவ்வளவு சின்னதாக வரும் என்று யாருக்கும் தெரியாது.

கடைசி வரிசைக்குப் பின்னால், சாப்பாட்டுக் கூடாரத்தில் குழம்புக் கரண்டியோடு நின்ற ஒருத்தி கையைத் தூக்கினாள். ஓர்ஃபா என்று பெயர். மலைக்கு அந்தப் பக்கம் வீடு வீடாகத் தபால் கொண்டுபோய்க் கொடுக்கிறவள்.

"நாலே முக்கால் அடியா? பெட்டியில கடிதம் போட்டா, வெளிய வந்து 'நீ லேட்டு'ன்னு சொல்லுவாரா?"

"அவன்தான்!" என்றார் டார்சி.

"ஓக்லி வான்ஸ். என் பழைய ரூட்ல கடைசி வீடு. மே மாசத்துலருந்து எனக்கு வேற ரூட்டு, அந்தப் பக்கம் போகல."

ஜெல்லாவின் விரல் காகிதத்தின் மேலிருந்து கீழே இறங்கியது. ஒன்பது பெயர்தான். அது இறங்குவதற்குள் டார்சிக்கு இன்னொரு இருபத்திரண்டு வருஷம் ஆனது.

"இல்ல," என்றாள். பிறகு, "எல்லாரும் எழுதி அனுப்ப மாட்டாங்க, பாத்துக்க" என்றும் மெதுவாகச் சொன்னாள். ஜெல்லாவுக்கு மெதுவாகப் பேச வராது. அறுநூறு பேருக்கும் கேட்டது.

மலைக்கு நடுவில் செல்ஃபோன் எடுக்காது, சீட்டுக் கொடுக்கிற கொட்டகையில்தான் கம்பி ஃபோன். ஓர்ஃபா டார்சியை அங்கே கூட்டிப்போய், யாரையோ கேட்டு நம்பர் வாங்கி, எண்களைத் தானே அழுத்தி, டார்சியின் கையில் கொடுத்தாள். மணி அடித்தது. ஒன்று, இரண்டு... ஏழு. எடுக்க ஆள் இல்லாத வீட்டில் மணி எப்படி அடிக்கும் என்று அவர் யோசிக்காமலிருக்கப் பார்த்தார். ஒன்பது. பத்து.

"யாரு?" ஒரு பெண் குரல்.

"அம்மா, இது... ஓக்லி வீடுங்களா? நான் டார்சி."

"பஸ் ஓட்டுற டார்சியா?"

"ஆமாம்மா. அவன்..."

"இருக்காரு. தோட்டத்துல தக்காளிச் செடியத் திட்டிக்கிட்டு இருக்காரு." டார்சி ஓர்ஃபாவைப் பார்த்துத் தலையாட்டினார். "உங்களுக்குச் சொல்லணும்னு ஏப்ரல்லயே ஒரு கார்டு எழுதுனாருய்யா. 'பஸ் ஓட்டும் டார்சி, கென்டக்கி'ன்னு போட்டா எந்தத் தபால்காரன் கொண்டு போவான்? திரும்பி வந்துருச்சு."

"நான்தான் திருப்பிக் கொண்டுபோய்க் குடுத்தேன்," என்றாள் ஃபோனோடு காதை ஒட்டி நின்ற ஓர்ஃபா. முகம் கறுத்துப் போயிருந்தது.

"ஏன்மா வரல?"

"காது போச்சு. சுரங்கத்துச் சத்தம் தின்னது போக மிச்சம் இருந்ததும் இந்தக் குளிர்காலத்தோட முடிஞ்சது. மெசினு வச்சா பேச்சு கேக்குது, மேண்டலின் கேக்கல. கேக்காதவனுக்கு அங்க என்ன வேலைன்னு உக்காந்துட்டாரு. உங்ககிட்ட சொல்ல வெக்கம். இருங்க, கூப்பிடுறேன். ஃபோன்ல அவருக்குக் கேக்காது, நீங்க சொல்லுங்க, நான் அவரு முகத்துக்கு நேரா கத்துறேன்."

கதவு, நாய், காலடி.

"வந்துட்டாரு. சொல்லுங்க."

"அம்மா, அவன்கிட்ட சொல்லுங்க. நாங்க எந்த வருஷம் பாட்டக் கேட்டோம்? ரெண்டு பேரும் சண்டதான போட்டுக்கிட்டு இருந்தோம். அதுக்குப் பேச்சு கேட்டாப் போதும்."

அவள் கத்தினாள். தப்பாகச் சொல்லிவிட்டோமோ, காது போனவனிடம் கேலி பேசிவிட்டோமோ என்று டார்சி பதறினார்.

"டார்சி," என்றாள் அவள். "ஒண்ணும் சொல்லாம எங்கயோ போறாரு."

"கோவமாம்மா?"

"தெரியலையே. இருங்க."

ஃபோனைக் கீழே வைத்த சத்தம். திரைக்கதவு ஒன்று அறைந்தது. வெளியே மேடையில் ஜெல்லா பெயர்களை வாசிக்க ஆரம்பித்திருந்தாள். கார்ல் எஸ்டெப். ஹெர்ஷல் கீன். டார்சி ஒரு கையால் தொப்பியைக் கழற்றினார், மறு கையால் ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

காலடி திரும்பி வந்தது. அவளுக்கு மூச்சு வாங்கியது.

"டிரக்குல ஏறி உக்காந்துட்டாருய்யா. சாவி என் அங்கிப் பையில இருக்கு. அதுகூடத் தெரியாம ஸ்டீயரிங்கப் புடிச்சிக்கிட்டு ஹாரன் அடிக்கிறாரு."